பழந்தமிழ்ப் பாட்டில் வீரமும் ஊர் நீங்கலும்

வீரம் என்றவுடன் நம் இளைஞர் கண்முன் தோன்றுவன வேந்தனும் யானையும் வேலும் கொடியுமே. பள்ளிப் பாடநூல்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. புறநானூற்றைப் பொறுமையோடு புரட்டினால் வேறு வகையான வீரரும் அங்கே நிற்கக் காண்போம். நாட்டை இழந்தவர், தந்தையால் ஒதுக்கப்பட்டவர், மக்களோடு மாறுபட்டு வடக்கிருந்து உயிர் நீத்தவர் எனப் பலர் அந்நூலில் உளர். உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் தன் மக்கள் தனக்கு எதிராக எழுந்தமை கண்டு வடக்கிருந்தான். பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் நெடுவழி நடந்து வந்து அவனோடு உயிர் விட்டார். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் அந்நாணம் தாங்காது வடக்கிருந்தான். வென்றவரைப் பாடிய புலவர்களே இவ்வாறு இழந்தவரையும் பாடினர்.

இவர்களுள் நாம் ஒருவனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி. உறையூர் வீரைவேண்மான் வெளியன் தித்தன் என்பவனின் மகன். தந்தையோடு பகைத்து, சொந்த ஊரை நீங்கி, வேற்றூரில் எளிய நிலையில் வாழ்ந்தான் என்பது உரையாசிரியர் கூறும் செய்தி. அவனைப் பற்றி 80 முதல் 85 வரை ஆறு பாட்டுகள் உள்ளன. முதல் மூன்றைச் சாத்தந்தையார் பாடினார். ஏனைய மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. ஆமூரில் வலிமிக்க மல்லன் ஒருவனை அவன் மற்போரில் வீழ்த்தினான். அந்தக் காட்சியை, அவன்பால் அன்பு வைத்தாலும் வையாவிட்டாலும், தந்தை தித்தன் ஒருமுறை காணட்டும் என்கிறார் சாத்தந்தையார். வெற்றி மகனுடையது, அதைப் பார்த்து மகிழ வேண்டியவன் அங்கே இல்லை.

நக்கண்ணையார் அவன்பால் காதல் கொண்டவர். கூழ் குடித்து வாழ்ந்தும் அவன் தோள் பெருத்திருப்பதை ஒரு பாட்டில் வியக்கிறார். மற்றொரு பாட்டில் அவர் கூறும் செய்தி நம் உள்ளத்தைத் தொடுவது. போர் முடிந்தபின் ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து பேசுகின்றனர். அவன் வென்றான் என்பர் சிலர். வெல்லவில்லை என்பர் வேறு சிலர். கண்ணெதிரே நடந்த வெற்றிக்கு இத்தகைய வழக்கு ஏன்? அந்த ஊர் அவன் ஊர் அன்று, அந்த நாடு அவன் நாடு அன்று என்பதே நக்கண்ணையார் காட்டும் காரணம். அவரோ சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, ஒரு பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தாமே கண்டார். வந்தேறி பெற்ற வெற்றியை ஊர் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை என்பதை 2000 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண் கண்டு கூறியிருக்கிறார். முதல் மதிப்பெண் பெற்ற நம் வீட்டுப் பிள்ளையின் திறமையில் ஐயுற்றுப் பேசும் குரலைக் கேட்டவர்க்கு இப்பாட்டுக்கு உரை தேவையில்லை.

இனி 82ஆம் பாட்டு. பெருநற்கிள்ளியின் போர் எத்துணை விரைவானது என்று கூற விரும்புகிறார் சாத்தந்தையார். இடியையோ புலியையோ அவர் உவமையாகத் தேடவில்லை. வார் கொண்டு கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியிடம் செல்கிறார். ஊரில் விழா நெருங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அதற்குள் கட்டிலை முடித்தாக வேண்டும். அவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து பாயுமோ அதனினும் விரைவானது கிள்ளியின் போர் என்கிறார். ஓர் அரசகுமாரனின் வீரத்தை அளக்கும் கோலாக ஓர் உழைப்பாளியின் ஊசி நிற்கிறது. இதற்கு ஒப்பான உவமையை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

எனினும் அப்பாட்டிலேயே ஒரு முள்ளும் உண்டு. அந்தத் தொழிலாளியின் மாலைப்பொழுது முழுவதையும், மனைவியின் வலியையும் கூட அறிந்த புலவர் அவனுக்கு வைக்கும் பெயர் இழிசினன் என்பது. சங்ககாலத்தில் உயர்வு தாழ்வே இல்லை என்று மேடைதோறும் முழங்குவோர் இச்சொல்லைக் கடந்து சென்றுவிடுகின்றனர். 170ஆம் பாட்டில் துடி கொட்டுபவன் இழிபிறப்பாளன் எனப்படுகிறான். 287ஆம் பாட்டில் போர்முனையில் நின்று துடி முழக்கும் புலையனும் குறுந்தடி ஏந்திய இழிசினனும் விளித்துப் பேசப்படுகின்றனர். போர்க்களத்தின் நடுவில் அவர்களுக்கு இடம் இருந்தது. அவர்கள் முழக்கம் இன்றி வீரன் களம் புகான். ஆயினும் பெயரில் இழிவு அப்போதே ஒட்டிக்கொண்டது. நம் வரலாற்றை நாம் எழுதும்போது இவ்விரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். பொற்காலம் என்று பாதியை மறைப்பதும், எல்லாம் இருளே என்று மற்றப் பாதியை மறைப்பதும் நமக்கு உதவா.

335ஆம் பாட்டு இதற்கு மறுபுறத்தைக் காட்டுகிறது. மாங்குடி கிழார் பாடிய அப்பாட்டு சிதைந்தே நமக்குக் கிடைத்துள்ளது. ஒரு சிற்றூரின் பூக்கள் இவை, உணவுகள் இவை என்று எண்ணிவிட்டு, துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளையன்றி வேறு குடி இல்லை என்கிறார் புலவர். பகைவரைத் தடுத்து, யானையை வீழ்த்தி, தானும் வீழ்ந்த வீரனின் நடுகல்லையன்றி நெல் தூவி வழிபடத்தக்க தெய்வமும் இல்லை என்கிறார். இகழ்ச்சிச் சொல் ஒன்றும் அங்கே இல்லை. இப்பாட்டைக் கொண்டு சங்ககாலப் பறையனே இன்றைய நாம் என்று ஒரே பாய்ச்சலில் கூறிவிடுதல் ஆராய்ச்சி ஆகாது. அக்காலக் குடிப்பெயர் தொழிலைச் சுட்டியது, இடையில் பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆனால் அப்பெயர் ஊரின் உள்ளே, முதன்மையாக எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் வெளியிட்டது 1894இல். அதற்கு முந்திய ஆண்டாகிய 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கிவிட்டார். பழஞ்சான்று அச்சேறும் வரை அவர் காத்திருக்கவில்லை.

நடுகல்லைப் பற்றி ஒரு சொல். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலில் இறந்த வீரனைக் குறிப்பது. புலவர் பாடியது கற்பனை அன்று என்பதற்குக் கல்லே சான்றாயிற்று. செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உண்டு. இறந்த வீரனோடு நின்று காவல் காத்த கோவிவன் என்னும் நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நன்றியுள்ள நாய்க்குப் பெயர் இருக்கட்டும். நமக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த வீரர்களைத் துடி முழக்கிக் களத்துக்கு அனுப்பியவர் பெயரைத் தேடுகிறோம். அது எக்கல்லிலும் நம் கண்ணில் படவில்லை.

பாரியின் கதையை அறியாதார் இலர். மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களிடம், நீங்கள் வாளால் இம்மலையைப் பெறமாட்டீர்கள். யாழ் ஏந்தி, விறலியர் பின்வர, ஆடியும் பாடியும் சென்றால் பாரி நாட்டையும் மலையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவான் என்றார். மூன்று முடிமன்னர்க்குக் கிட்டாத மலை ஒரு பாணனின் கைக்கு எட்டும் என்பது இதன் பொருள். பாரி மாண்டபின் அவன் மகளிர் இருவரும் வீடிழந்து வெளியேறினர். கபிலர் அவர்களை விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணந்துகொள்ள வேண்டினார், இருவரும் மறுத்தனர். தோற்றவன் மகளை ஏற்க அஞ்சும் அரசர் அவர்கள். ஊர் ஊராக அலைந்த அம்மகளிரின் துயரம் தமிழ் உள்ளளவும் நிலைத்தது. அவர்களே பாடிய பாட்டும் நூலில் இடம்பெற்றது.

பாரியிடம் பரிசில் பெற்ற பாணர் என்ன ஆயினர்? பறம்பு நாட்டின் 300 ஊர்களும் பரிசிலர்க்கே உரியன ஆகிவிட்டன என்று கபிலர் கூறியிருந்தார். மலை வீழ்ந்தபின் அவ்வூர்கள் யார் கைக்குச் சென்றன, பாணர் எத்திசையில் நடந்தனர் என்று கேட்டவர் இலர். அவர்கள் வாழ்வைச் சிறுபாணாற்றுப்படையில் ஒருவாறு காண்கிறோம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடிச் செல்லும் பாணனின் வீடு எத்தகையது? அட்டில் கூரை இற்றுக் கிடக்கிறது. அங்கே ஈன்ற நாய் தன் கண் திறவாக் குட்டிகளுக்குப் பால் தர இயலாது குரைக்கிறது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். அதனைப் பிறர் காணாதபடி கதவை அடைத்துவிட்டே சுற்றத்தோடு உண்கிறாள். நத்தத்தனார் அந்த அடைத்த கதவைக் கண்டாரே, அதுவே அவர் பெருமை. அரசன் நாடு நீங்கினால் அது செய்தி. பாணன் வாழ்நாள் முழுதும் வழிநடந்தால் அது இலக்கண நூலுக்கு ஒரு துறை!

காலம் மாறியது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்று வரிசையாக வருகின்றன. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெருங்கோயில் எழும்பிய அதே நாட்களில், மனிதர் வாழும் இடத்துக்கு அப்பெயர் கணக்கில் ஏறிவிட்டது. இனி ஒருவனை நாட்டை விட்டு ஓட்ட வேண்டியதில்லை. அவன் பிறந்த ஊரிலேயே அவனுக்குப் புறத்தே ஓர் எல்லை வகுத்தாயிற்று.

இடைக்காலப் பத்திப் பாட்டையும் அடியார் வரலாற்றையும் நாம் இக்கண்ணோடு படிக்க வேண்டும். திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தருடன் நாடு முழுதும் சென்று அவர் பதிகங்களை யாழில் இட்டவர். மனைவியார் மதங்கசூளாமணியார் உடன் பாடுவார். மதுரைக் கோயில் வாயிலில் நின்றே அவர் யாழ் வாசித்தார். இறைவன் தொண்டர்க்கு உணர்த்திய பின்னரே உள்ளே அழைக்கப்பட்டார். திருவாரூரில் அவர்க்கென வடபுறம் வேறு வாயில் வகுக்கப்பட்டது என்று சேக்கிழார் கூறுகிறார். இறைவனின் அருளாகச் சொல்லப்பட்ட செய்திதான். ஆனால் இருக்கும் வாயிலிலேயே விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. சாத்தமங்கைத் திருநீலநக்கர் ஒருவரே, சம்பந்தர் சொல்லியவுடன், தம் வீட்டின் நடுவே வேள்வித் தீயின் அருகில் பாணர் இணையர் தங்க இடம் தந்தார். தீ அணையவில்லை, வலமாகச் சுழன்று இன்னும் ஓங்கி எரிந்தது என்கிறது பெரியபுராணம். அதே மதுரைக் கோயிலுள் நம் மக்கள் வழிபடச் சென்ற நாள் 1939ஆம் ஆண்டு சூலை 8.

பாணர் குலத்துத் திருப்பாணாழ்வார் அரங்கத்தின் உள்ளே செல்லாமல் காவிரிக் கரையில் நின்றே பாடியவர். வழியில் நின்றார் என்று உலோகசாரங்க முனிவர் கல்லெறிந்ததையும், பின்னர் அவரே ஆழ்வாரைத் தோளில் சுமந்து சென்றதையும் வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும். ஆழ்வார் பாடியதாக நிற்பவை 10 பாசுரங்கள். அவற்றில் அந்தக் கல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நந்தனாரிடம் வருகிறோம். சுந்தரர் திருநாளைப்போவார் என்று பெயர் மட்டும் குறித்தார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் சொன்னார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்தார். கொடிய பண்ணையாரான வேதியரும், அவர் இட்ட கட்டளையும் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்தவை. சேக்கிழாரிடம் தனியொரு கொடியவன் இல்லை. ஊரின் அமைப்பே போதுமானதாக இருந்தது. ஆதனூரின் புறத்தே இருந்த புலைப்பாடியை அவர் கண்ணால் கண்டவர் போல எழுதுகிறார். மருதநிழலில் சிறிய தோலை விரித்துக் குழந்தையை உறங்க வைக்கும் தாய், பானையில் அடைகாக்கும் கோழி, இரும்புக் காப்பணிந்த சிறுவர், மாமரக் கிளைகளில் தொங்கும் பறைகள் என அனைத்தும் அங்கே உள்ளன. போர்க்களத்தின் நடுவே முழங்கிய கருவி இப்போது ஊர்ப்புறத்து மரத்தில் தொங்குகிறது.

நந்தனார் செய்த தொண்டு யாது? கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் தந்தார். அவர் தந்த தோல் உள்ளே ஒலித்தது. தந்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியதால் வெளியே இருந்தபடியே கண்டார். பின் அவ்வூரில் ஒரு குளம் வெட்டினார். அற்புதத்தைப் பாடுவோர் குளத்தை மறந்துவிடுகின்றனர். வழிவிடாத ஊருக்கு நீர் வெட்டிக் கொடுத்த அந்தக் கையின் வலிமை ஆமூர் மல்லனை வென்ற தோளின் வலிமைக்குக் குறைந்தது அன்று என்பது நம் கருத்து.

நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள்கள் கழிந்தன. ஒருநாள் போனார். தில்லையின் எல்லையை அடைந்து, வேள்விப் புகை எழுவதைக் கண்டு, உள்ளே அடி வைக்க அஞ்சி, இரவும் பகலும் ஊரைச் சுற்றி வந்தார். பெருநற்கிள்ளிக்குச் சொந்த ஊர் ஒன்றே மறுக்கப்பட்டது. வேற்றூரில் அவன் நிமிர்ந்து நடந்தான். நந்தனாருக்குச் சொந்த ஊரும் புறம். தேடி வந்த ஊரும் புறம். தீயில் மூழ்கி வரும்படி கனவில் ஆணை பிறந்தது. தென்வாயிலின் முன் தில்லைவாழ் அந்தணர் தீக்குழி அமைத்தனர். நந்தனார் புகுந்து, முந்நூல் விளங்கும் முனிவராய் வெளிவந்து, கோயிலுள் சென்றார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை.

சேக்கிழார் அடுத்துக் காஞ்சியில் அடியார்க்கு ஆடை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர் வரலாற்றைத் தொடங்கிவிடுகிறார். நந்தனார் ஆதனூருக்குத் திரும்பியதாகச் செய்தி இல்லை. புலைப்பாடியில் தோல் விரிப்பில் உறங்கிய அக்குழந்தைகளுக்கு அவரைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பதும் பாட்டில் இல்லை.