நடுவழியில் செல்லாமற்போன தாள்கள்
சான் பிரான்சிஸ்கோவில் 12 ஆண்டுகள் வாழ்ந்த சே சான் பிங் என்னும் சீனத் தொழிலாளி, 1887இல் தாய்நாட்டுக்குப் புறப்படுமுன், திரும்பிவரும் உரிமைக்கான சான்றிதழை முறைப்படி பெற்றிருந்தார். ஆனால் 'பெல்ஜிக்' கப்பலில் அவர் திரும்பிக்கொண்டிருந்தபோதே, 1888 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஸ்காட் சட்டம் அத்தகைய சான்றிதழ்கள் யாவும் செல்லாவென அறிவித்துவிட்டதால், ஒரு வாரம் கழித்துத் துறைமுகத்தை அடைந்தவரைக் கரையிறங்க விடவில்லை. அவர் தொடுத்த வழக்கில் 1889இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், அயலாரைத் தடுப்பது இறையாண்மையிலேயே அடங்கிய அதிகாரம் என்றது. அரசியலமைப்பில் இதற்கு வெளிப்படையான வாசகம் ஏதுமில்லை. எனினும் குடிவரவில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் தலையிடாமல் ஒதுங்கி நிற்கும் 'முழு அதிகார'க் கோட்பாடு இத்தீர்ப்பிலிருந்தே வளர்ந்தது.

அன்று நாடாளுமன்றத்துக்குரியதாகச் சொல்லப்பட்ட அவ்வதிகாரத்தின் பெரும்பகுதியை, நாட்டு நலனுக்குக் கேடானவர் என்று தாம் கருதும் எவ்வகை அயலாரையும் தடுக்கலாம் என்னும் 212(எஃப்) பிரிவின் வழியே, 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைத்தது. குடியேற்ற விசா வழங்குவதில் தேசிய இன வேறுபாடு கூடாது என 1965இல் சேர்க்கப்பட்ட திருத்தம் இதற்கு வரம்பிடுகிறதா என்னும் கேள்வி நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது.

2017 ஜனவரி 27 அன்று குடியரசுத் தலைவர் ட்ரம்ப் 212(எஃப்) பிரிவின்படி பிறப்பித்த ஆணை, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் குடிமக்களை 90 நாள்களுக்குத் தடுத்தபோது, செல்லத்தக்க விசாவுடன் விமானமேறியவர்கள் தரையிறங்கியதும் தடுத்து வைக்கப்பட்டனர்; கப்பலுக்குப் பதில் விமானம் என்பதே வேறுபாடு. கீழ்நீதிமன்றங்கள் தடைவிதிக்க, ஆணை இருமுறை திருத்தி எழுதப்பட்டது. மூன்றாம் வடிவில் வட கொரியாவும் வெனிசுவேலாவின் சில அதிகாரிகளும் சேர்க்கப்பட்டனர். மதச்சார்பின்மைத் தோற்றம் தருவதைத் தவிர இச்சேர்க்கைக்கு வேறு பயன் இருந்ததாகத் தெரியவில்லை.

முஸ்லிம்களின் நுழைவை முற்றிலும் நிறுத்தவேண்டும் என்று 2015 டிசம்பரில் வேட்பாளராக ட்ரம்ப் விடுத்த அறிக்கை உச்ச நீதிமன்ற நீதிபதிகள் முன் இருந்தது. ஆயினும் 2018 ஜூன் 26 அன்று, 5-4 என்னும் பெரும்பான்மையில், ஆணையின் வாசகம் மதத்தைச் சுட்டவில்லை என்றும், பாதுகாப்பு சார்ந்த பொருத்தமான காரணம் இருப்பதே போதும் என்றும், 1965இன் திருத்தம் விசா வழங்கலையே கட்டுப்படுத்தும், நுழைவுத் தகுதியை அன்று என்றும் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். ஜப்பானிய வழியினரை வெளியேற்றியதை ஏற்ற 1944இன் கோரேமாட்சு தீர்ப்பை அவர் அதிலேயே கண்டித்தார். அதே தருக்கமே இங்கும் ஒளிந்திருக்கிறது என்றது நீதிபதி சோட்டோமேயரின் மாறுபட்ட தீர்ப்பு.

2021 ஜனவரி 20 அன்று பைடன் அத்தடையை விலக்கினார். 212(எஃப்) பிரிவு திருத்தப்படாமல் நின்றதால், 2025 ஜூனில் அதையே கொண்டு 12 நாடுகளின் குடிமக்களுக்கு மீண்டும் கதவடைக்க ட்ரம்பால் முடிந்தது.