வேலூருக்கு இரண்டு முறை வந்த வைரஸ்

1986ஆம் வருடம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்த மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் சொன்னபடி ஓர் ஆய்வில் இறங்கினார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் 80க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லாததால் ராத்திரி ரயிலில் காட்பாடிக்கு எடுத்துப் போய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. 'நம் நாட்டில் எய்ட்ஸ் எங்கே வரப்போகிறது' என்ற நினைப்பு அன்றோடு போயிற்று.

அதே 1986ல், அதே சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரு நாள் முடிச்சு விழும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

முடிச்சு முதலில் விழுந்தது பெர்லினில். திமோத்தி ரே பிரவுன் என்ற எச்.ஐ.வி. நோயாளிக்கு ரத்தப் புற்றுநோயும் வந்தது. 2007ல் டாக்டர் கெரோ ஹூட்டர் அவருக்கு வேறொருவரின் ஸ்டெம் செல்களை (குருத்தணுக்களை) ஏற்றினார். சும்மா யாரோ ஒருவருடையது அல்ல. எச்.ஐ.வி. வெள்ளணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற கதவு பிறவியிலேயே இல்லாதவர் அந்தக் கொடையாளி. மாத்திரையை நிறுத்திய பிறகும் வைரஸ் திரும்பவில்லை. பிரவுன் 2020ல் இறந்தது புற்றுநோயால்தான், எச்.ஐ.வி.யால் அல்ல.

அப்படியானால் எல்லோருக்கும் செய்யலாமே என்று கேட்கலாம். முடியாது. இந்த மாற்று சிகிச்சையே உயிருக்கு ஆபத்தானது. தவிர, அந்தக் கதவு இல்லாதவர்கள் வட ஐரோப்பாவிலேயே நூற்றில் ஒருவர்தான். நம் மக்களிடம் மிக மிக அரிது. அதனால்தான் ஸ்டெம் செல்லின் மரபணுவைத் திருத்தி, கதவை நாமே அடைக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். 2017ல் சீனாவில் அப்படித் திருத்திய செல்களை ஒருவருக்கு ஏற்றினார்கள். செல்கள் தங்கின. ஆனால் திருத்தம் பெற்றவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எச்.ஐ.வி. போகவில்லை.

இனி மறுபடி வேலூர். ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவரவர் ஸ்டெம் செல்லிலேயே விடுபட்ட மரபணுவைச் சேர்த்து சி.எம்.சி. மருத்துவர்கள் சிகிச்சை அளித்தார்கள். முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து சென்ற வாகனம் எது தெரியுமா? நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கி, பல் பிடுங்கிய எச்.ஐ.வி. வகை வைரஸ்! 1986ல் ரத்தத்தில் பிடிபட்ட திருடன், இப்போது அதே ஊரில் கூலியாளாக வேலை செய்கிறான்.

ஆனால் அவனைக் கொண்டே அவனை ஒழிக்கும் நாள் இன்னும் வரவில்லை. 'ஸ்டெம் செல்லால் எய்ட்ஸ் குணம்' என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். எங்கள் செல்லூர்க்காரர்களுக்கு இன்றைக்கும் வழி, கோரிப்பாளையம் பக்கம் பெரியாஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் கூட்டு மருந்துதான். அரசு இந்த இலவசத் திட்டத்தைத் தொடங்கியது 2004ல். விடாமல் சாப்பிட்டால் வைரஸ் அடங்கிக் கிடக்கும், ஆயுளும் நீளும். நிறுத்தினால், ஒளிந்திருக்கும் வைரஸ் திரும்ப வரும்.

அந்த ஒளிவிடத்தையும் கண்டுபிடிக்க, இன்னொரு மாணவி எங்கேயாவது ராத்திரி ரயிலில் போய்க்கொண்டிருக்கலாம்.