மேடையில் தனி ஒருவர்

நாடகம் என்றால் திரைச்சீலை வேண்டும், ஒப்பனை வேண்டும், உடன் நடிப்போர் வேண்டும். இவை எவையுமின்றி, ஓர் ஒலிபெருக்கியின் முன் தனி ஒருவராக நின்று பேசி, அவையைச் சிரிக்க வைப்பதும் ஒரு கலையே. தமிழர்க்கு இது முற்றிலும் புதியதன்று. வில்லுப்பாட்டில் பழகிய நாகர்கோவில் என். எஸ். கிருஷ்ணன், நாடகக் குழுக்களில் தேர்ச்சி பெற்று, 1936-இல் வந்த ‘சதி லீலாவதி’ வழியாகத் திரையுலகில் நுழைந்தார் என்பதை நாம் அறிவோம்.

நம் நாட்டில் இக்கலை வளர்ந்த கதை என்ன? 1989-இல் கோலாலம்பூரில் ஜோ குகதாஸ் முதலியோர் ‘இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டர்’ என்னும் குழுவைத் தொடங்கி, அரசியலையும் சமுதாயத்தையும் நையாண்டி செய்தனர். அடுத்த ஆண்டில் ஹரித் இஸ்கந்தர் தனியாளாக மேடையேறினார். 1966-இல் ஜொகூர் பாருவில் பிறந்த இவருடைய தந்தை மலாய்க்காரர், தாயார் ஆங்கிலேயர். இரு பண்பாடுகளுக்கிடையே வளர்ந்தவருக்கு, பல இனத்தார் கூடி வாழும் இந்நாட்டின் பேச்சு வழக்கே நகைச்சுவையின் மூலப்பொருளாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை, ஒரே வாக்கியத்தில் மூன்று மொழிகளைக் கலந்து பேசும் நமக்கு அது விளங்காத செய்தியன்று.

மேடை வேறு, திரை வேறு. மேடையில் சொன்ன சொல்லுக்கு உடனே சிரிப்பு விடையாக வரும். அதைக் கேட்டே கலைஞன் அடுத்த சொல்லை நிறுத்தியோ விரைத்தோ சொல்வான். படப்பிடிப்பிலோ யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்த அளவைத் தானே மனத்துள் கணக்கிட வேண்டும். குரலையும் அடக்க வேண்டும். 1999-இல் ‘அன்னா அண்ட் தி கிங்’ என்ற அயல்நாட்டுப் படத்தில் நடித்த ஹரித், இயக்குநர் யாஸ்மின் அகமதுவின் ‘செப்பெட்’ (2005) படத்தில், சீன இளைஞனை விரும்பும் மலாய்ப் பெண்ணின் தந்தையாக வந்தார்.

2009-இல் வந்த ‘டேலண்டைம்’ நம் கருத்துக்கு உரியது. அதில் கலப்புக் குடும்பத்துப் பெண் மெலூர், காது கேளாத இந்திய இளைஞன் மகேஷை விரும்புகிறாள். மகேஷின் மாமன் தன் திருமண நாளிலேயே கொல்லப்படுகிறார். ஒரு வீட்டில் அழுகை. மெலூரின் வீட்டிலோ தந்தையாக நடிக்கும் ஹரித்தின் வேடிக்கைப் பேச்சு. அந்தச் சிரிப்பு இருப்பதனாலேயே, மறு வீட்டுத் துயரம் நம் நெஞ்சில் ஆழமாகப் பதிகிறது. அதே ஆண்டு ஜூலையில் யாஸ்மின் காலமானார்.

2016-இல், அமெரிக்காவின் ‘லாஃப் ஃபேக்டரி’ நடத்திய போட்டியில், உலகின் மிக வேடிக்கையான மனிதர் என்னும் பட்டம் ஹரித்துக்குக் கிடைத்தது. இறுதிச் சுற்று நடந்த இடமோ, பனி சூழ்ந்த பின்லாந்து!

இனங்கள் கலந்து வாழும் நாட்டில் நகைச்சுவை கத்திமுனை போன்றது. பிறரைத் தாழ்த்திச் சிரித்தால் புண். தன்னையும் சேர்த்துச் சிரித்தால் மருந்து. அடுத்த வீட்டாரோடு சேர்ந்து சிரிப்பதற்கு, முதலில் அவர் வீட்டுப் பேச்சு நமக்குப் புரிந்திருக்க வேண்டுமல்லவா, நேயர்களே?