பச்சை வாயு, நீலத் தண்ணீர்

2016, ஆகஸ்ட் 9. ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக். பெண்கள் ஜோடி ஜோடியாகப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கும் டைவிங் போட்டிக்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. கீழே குளத்தைப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். முந்தின நாள் வரை நீலமாக ஜொலித்த தண்ணீர், கோயில் தெப்பக்குளம் மாதிரி பச்சைப் பசேல்! பக்கத்திலேயே இன்னொரு குளம். அது மட்டும் ஜம்மென்று நீலமாக இருந்தது. ஆனால், மறுநாள் அதுவும் நிறம் மாற ஆரம்பித்துவிட்டது.

அதிகாரிகள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாசி என்றார் ஒருவர். ரசாயனம் தீர்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். நாலைந்து நாள் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. ஆகஸ்ட் 5-ம் தேதி யாரோ ஒரு புண்ணியவான் ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் குளங்களில் ஊற்றியிருக்கிறார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒன்றும் கெட்ட சரக்கு இல்லை. காயத்தில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அதேதான். அதுவும் கிருமிநாசினி. குளத்தில் ஏற்கெனவே இருந்த குளோரினும் கிருமிநாசினி. ஆனால் இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். வாசலுக்கு இரண்டு காவல்காரர்களைப் போட, அவர்கள் திருடனை விட்டுவிட்டுத் தங்களுக்குள் கட்டிப்புரண்ட கதை. காவல் இல்லாத குளத்தில் பாசி குடியேறிவிட்டது. கடைசியில், நடன நீச்சல் போட்டிக்கான குளத்தில் மட்டும் ஏறத்தாழ 37 லட்சம் லிட்டர் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, பயிற்சிக் குளத்திலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள்.

ஒலிம்பிக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், ஈ.சி.ஆர். பக்கம் தோட்ட வீடு கட்டி, பின்னாலேயே ஒரு நீச்சல்குளமும் வெட்டிக்கொண்ட என் நண்பர் எம்மாத்திரம்? ஒருநாள் போன் செய்தார். "டேய், நீ பி.காம். படிச்சவன்தானே? நாலு பேர் நாலு கொட்டேஷன் குடுத்திருக்கான். எது சீப்புன்னு பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். ஒருவர் பிளீச்சிங் பவுடர் மூட்டை தருகிறார். இன்னொருவர் 65 சதவிகிதத் துகள். மூன்றாமவர் 'ஹைப்போ' என்று கேனில் திரவம். நாலாமவர் உள்ளங்கை அகல மாத்திரைகள். நாலுக்கும் நாலு விலை. ஆனால் கவனியுங்கள், நாலு பேரும் விற்பது ஒரே பொருளைத்தான். குளோரின்! பெட்டிதான் வேறு. எந்தப் பெட்டியை வாங்குவது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பெட்டி எப்படி வந்தது என்ற கதை தெரிய வேண்டும். அது இருநூற்றைம்பது வருஷக் கதை.

1774. ஸ்வீடன். கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்று ஒரு மருந்துக்கடைக்காரர். மாங்கனீஸ் கனிமத்தின் மேல் ஆசிட்டை ஊற்றிப் பார்த்தார். மூக்கைத் துளைக்கும் நெடியோடு ஒரு வாயு கிளம்பியது. பூவையும் இலையையும் காட்டினால் வெளுத்துவிடுகிறது. அது ஒரு தனிமம் என்பது பாவம், ஷீலேக்குத் தெரியாது. 1810-ல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவிதான் அதை அடித்துச் சொல்லி, 'குளோரின்' என்று பெயரும் வைத்தார். கிரேக்க மொழியில் வெளிர் பச்சை என்று அர்த்தம். குளத்தை நீலமாக வைத்திருக்கும் சரக்கின் பெயரே பச்சை!

வெளுக்கிறது என்றதும் துணி வியாபாரிகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அந்தக் கால ஐரோப்பாவில் துணி வெளுப்பது பெரிய பாடு. புல்வெளியில் விரித்து, வெயில் காட்டி, புளித்த மோரில் ஊறவைத்து, மறுபடி விரித்து... மாதக்கணக்கில் ஆகும். 1785-ல் பிரான்ஸின் பெர்த்தொலே குளோரினால் துணி வெளுக்க வழி கண்டார். பாரீஸை ஒட்டிய ஜாவெல் என்ற ஊரில் அதைத் திரவமாகத் தயாரித்து விற்க ஆரம்பித்தார்கள். நண்பருக்கு வந்த கேன் இருக்கிறதே, அதற்கு இதுதான் தாத்தா.

ஆனால் திரவத்தில் ஒரு தொல்லை. வைத்திருக்க வைத்திருக்க வீரியம் போய்விடும். இங்கேதான் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் டென்னன்ட் வருகிறார். 1799-ல், நீர்த்த சுண்ணாம்புப் பொடியின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தி ஒரு பவுடர் செய்தார். கட்டலாம், அடுக்கலாம், கப்பலில் ஏற்றலாம். நம் ஊர் கிணற்றடியிலும் வெள்ளம் வடிந்த தெருவிலும் மாநகராட்சி ஊழியர்கள் தூவிவிட்டுப் போகிறார்களே, அதே பிளீச்சிங் பவுடர். டென்னன்டின் பங்குதாரராக இருந்தவர் சார்லஸ் மாக்கின்டாஷ். ஆமாம், மழைக்கோட்டுக்குப் பெயர் கொடுத்த அதே ஆசாமி!

துணிக்குப் போட்டதைத் தண்ணீரில் போடும் துணிச்சல் எப்படி வந்தது? அதற்கு நியூஜெர்ஸி வரைக்கும் போக வேண்டும்.

ஜெர்ஸி சிட்டி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். நகரத்துக்குத் தண்ணீர் தர ஒரு தனியார் கம்பெனி ஒப்பந்தம் போட்டு, பூன்டன் என்ற இடத்தில் நீர்த்தேக்கம் கட்டியது. ஒப்பந்தத்தில் 'சுத்தமான தண்ணீர்' என்று எழுதியிருந்தது. மழை பெய்தால் மேலே உள்ள ஊர்களின் சாக்கடை நீர்த்தேக்கத்துக்கு வந்துவிடுகிறது. இது என்ன சுத்தம் என்று நகரசபை கோர்ட்டுக்குப் போனது. 1908-ல் தீர்ப்பு. ஒன்று, அந்த ஊர்களுக்கெல்லாம் சாக்கடை கட்டிக்கொடு. இல்லையென்றால், வேறு வழி ஏதாவது இருந்தால் செய்து காட்டு.

சாக்கடை கட்டுவதென்றால் கம்பெனிக்குப் பணம் பழுத்துவிடும். கம்பெனியின் ஆலோசகராக இருந்த டாக்டர் ஜான் லீல், 'வேறு வழி'யைப் பிடித்துக்கொண்டார். பிளீச்சிங் பவுடர்! லீலின் அப்பாவும் டாக்டர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவத்தோடு போனவர். அங்கே தொற்றிக்கொண்ட வயிற்றுக்கடுப்பில் வருஷக்கணக்காக அவதிப்பட்டு இறந்துபோனார். கெட்ட தண்ணீர் என்ன செய்யும் என்பது மகனுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

ஜார்ஜ் ஃபுல்லர் என்ற இன்ஜினீயரை அழைத்தார். 99 நாளில் எல்லாம் தயார். 1908, செப்டம்பர் 26. இரண்டு லட்சம் பேர் குடிக்கும் தண்ணீரில் குளோரின் கலக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. குடிப்பவர்களிடமும் சொல்லவில்லை!

அந்தக் காலத்தில் மருத்துவ உலகமே, 'தண்ணீரில் ரசாயனமா, விஷமல்லவா' என்று முகம் சுளித்துக்கொண்டிருந்தது. விவகாரம் மறுபடி கோர்ட்டுக்கு வந்தது. நகரசபை வக்கீல் லீலைக் குடைந்து எடுத்தார். இந்தத் தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா? குடிக்கிறேன் என்றார் லீல். மனைவி, பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்களா? அதிலும் தயக்கமில்லை என்றார். அவர் கலந்தது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. 1910 மே மாதம் தீர்ப்பு கம்பெனி பக்கம் வந்தது. அதற்கப்புறம் அமெரிக்காவில் ஊர் ஊராகக் குளோரின்தான். டைபாய்டு சாவுகள் மளமளவென்று சரிந்தன. லீல் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், மருந்து சரி, கேட்காமல் கொடுத்தது தப்பு என்பேன். ஆனால் கேட்டிருந்தால் யார் சம்மதித்திருப்பார்கள் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

அதே 1910-ல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் நீச்சல்குளத்திலும் இதைப் போட்டுப் பார்த்தார்கள். அதுவரை குளம் அழுக்கானால் தண்ணீரை மாற்றுவதுதான் ஒரே வைத்தியம். இனி மாற்ற வேண்டியதில்லை! வீட்டுக்கு வீடு நீச்சல்குளம் என்ற ஆசைக்கே அஸ்திவாரம் இதுதான். 1950-ல் அமெரிக்காவில் தரைக்குள் வெட்டிய குளம் வைத்திருந்தவை வெறும் 2,500 குடும்பங்கள். 1999-ல் 40 லட்சம்.

அத்தனை குளங்களும் திறந்தவெளியில். அங்கே ஒரு புது எதிரி, வெயில். நல்ல வெயில் அடித்தால் ஓரிரு மணி நேரத்திலேயே குளோரினின் பெரும்பகுதி காலி. கொட்டக் கொட்ட ஆவியாகும் பணம்! இதற்குக் கிடைத்த குடைதான் சயனூரிக் அமிலம். பெயரைக் கேட்டு சயனைடு என்று பயப்படாதீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யூரியாவைச் சூடாக்கி வோலர் என்ற ஜெர்மானியர் 1829-லேயே செய்தது. நூறு வருஷத்துக்கும் மேல் சும்மா கிடந்தது. 1950-களில்தான் இது குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்றும் என்று கண்டுகொண்டார்கள். குளோரினையும் இதையும் சேர்த்து ஒரே கட்டியாக அடித்தால், நாலாவது கொட்டேஷனில் வந்த மாத்திரை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ குளோரினின் வேலை உங்களுக்கு ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் என்றால் மூன்று கிலோ வேண்டும். 65 சதவிகிதத் துகள் ஒன்றரை கிலோ. மாத்திரை 1.1 கிலோ. திரவம் எட்டிலிருந்து பத்து கிலோ. ஆகவே, கிலோ என்ன விலை என்று கேட்பவர் ஏமாளி. மூட்டை விலையை அதனதன் பங்கால் வகுத்தால்தான் நிஜ விலை தெரியும்.

அதோடு கணக்கு முடிந்ததா? இல்லை. கூடவே இலவசமாக என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். பவுடரோடு சுண்ணாம்பு வரும். அடியில் படியும், தண்ணீர் கலங்கும், பில்டர் அடைக்கும். துகளோடும் கால்சியம் வரும். உங்கள் போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் என்றால் டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு கட்டும். திரவத்தோடு கொஞ்சம் சாதா உப்பு வரும், பெரிய தொல்லையில்லை. ஆனால் சென்னை வெயிலில் ஒரு மாதம் கிடந்தால் வீரியம் கணிசமாகப் போய்விடும். கேனில் தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள்.

மாத்திரைதான் கில்லாடி. மெதுவாகக் கரையும், வேலை மிச்சம். ஆனால் அதன் எடையில் பாதிக்கு மேல் அந்தக் குடை! 10 பங்கு குளோரின் போட்டால் 6 பங்கு சயனூரிக் அமிலமும் உள்ளே போகிறது. குளோரின் செலவாகிவிடும். குடை செலவாகாது. வெயிலுக்குப் போகாது, பில்டரிலும் மாட்டாது. லிட்டருக்குத் தினம் 2 மில்லிகிராம் குளோரின் கணக்கில் போட்டால், மூன்றே மாதத்தில் சயனூரிக் 100-ஐத் தாண்டிவிடும். 30, 40 இருந்தால் போதுமானது அது. அளவுக்கு மீறினால் குளோரின் குடைக்குள்ளேயே தூங்கிவிடும். சோதித்தால் குளோரின் இருக்கிறது என்று காட்டும், கிருமியோ ஜாலியாக உலாவும். இதற்கு வீட்டுக்காரர் செய்யக்கூடிய ஒரே பரிகாரம், பாதித் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது. லாரித் தண்ணீர் விலையைச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இன்னொரு செலவு யாருடைய கொட்டேஷனிலும் இல்லை. 1909-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில், ஆமாம், பீர் கம்பெனிக்காரர்களுடையதுதான், சோரன்சன் என்பவர் அமிலத்தன்மையை அளக்க ஓர் அளவுகோல் போட்டார். பி.ஹெச். என்கிறோமே, அது. குளத்தில் அது 7.5 இருந்தால் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். 8-க்குப் போனால் கால்வாசிதான். (சயனூரிக் கலந்த குளத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.) மீதி முக்கால்வாசிக்குக் கொடுத்த காசு ஏறக்குறைய தண்டம். கொஞ்சம் ஆசிட் விட்டு 7.2, 7.4-க்குக் கொண்டுவந்தால் அதே குளோரின் துள்ளி எழும். ஆகவே முதலில் வாங்க வேண்டியது சோதனைப் பெட்டி. இரண்டாவது ஆசிட். குளோரின் மூன்றாவதுதான்.

ஆசிட் என்றதும் ஓர் எச்சரிக்கை. 1915, ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மன் ராணுவம் 150 டன்னுக்கும் மேல் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதே, அதே வாயு, ஆசிட்டும் ஹைப்போவும் ஒரே வாளியில் சேர்ந்தால் உங்கள் மோட்டார் ரூமிலும் கிளம்பும். துகளையும் மாத்திரையையும் கலந்தாலோ, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுமே குளோரின்தானே என்று நினைத்து ஒரே மக்கில் அள்ளிய வீடுகள் உண்டு. அவ்வளவு ஏன், தயாரிக்கிறவர்களே தப்பவில்லை. 2020 ஆகஸ்டில் லாரா புயல் லூசியானாவைத் தாக்கியபோது, பயோலேப் கம்பெனியின் தொழிற்சாலைக் கூரை பிய்ந்து, மாத்திரைச் சரக்கின் மேல் மழை கொட்டியது. நனைந்த சரக்கு சூடேறிப் பற்றிக்கொண்டது. அடுத்த வருஷம் அமெரிக்கா முழுக்க மாத்திரைக்குத் தட்டுப்பாடு. அதுவரை 'ஹைப்போவா, யார் தூக்குவது?' என்றவர்கள் கேனுக்கு அலைந்தார்கள்.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். "சீப்பா எதுன்னு கேட்டா சரித்திர வகுப்பு எடுக்கறியே" என்றார். ஆனால் ஆள் கெட்டி. பக்கத்துக் கடையிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை ஹைப்போ கேன். சயனூரிக் வருஷத் தொடக்கத்தில் அளந்து ஒரேயொரு தடவை. மாத்திரை, குடும்பத்தோடு வெளியூர் போகும் வாரத்துக்கு மட்டும்.

போன மாதம் போயிருந்தேன். மோட்டார் ரூமில் ஹைப்போ. ஆசிட் கேன் தோட்டத்து மறுகோடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில். மாத்திரை டப்பா வீட்டுக்குள் பரண்மேல். இரண்டு பிளாஸ்டிக் மக்கு இருந்தன. ஆசிட்டுக்கான மக்கின் கைப்பிடியில் சிவப்பு பெயின்ட் அடித்து, தோட்டக்காரர் அதை ஓர் ஆணியில் தனியாக மாட்டி வைத்திருந்தார்.