மலைவழியின் பெயர் தாங்கிய பிசின்

'குலுக்கிவிட்டு அருந்தவும்' என்று மருந்துப் புட்டிகளில் அச்சிட்டிருப்பதை நாம் அறிவோம். நீரில் கரையாத மருந்துத்தூள் அடியில் படிந்துவிட்டால் முதல் கரண்டியில் மருந்து குறையும். இறுதிக் கரண்டியில் அளவு மிஞ்சும். இரண்டுமே நோயாளிக்குத் தீங்கு. பிசின், நீரைத் தடிக்கச் செய்து, துகள்களைச் சூழ்ந்துகொண்டு, அவை படிவதைத் தாமதப்படுத்துகிறது. குலுக்கினால் மீண்டும் சீராகக் கலக்கவும் உதவுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேலை மருந்தாளர்கள் இதற்குப் பெரிதும் நம்பியிருந்தது சூடானின் அரபுப் பிசினை. 1881இல் அங்கே மஹ்தியின் கிளர்ச்சி மூண்டது. பிசின் வரத்து அருகியது. இந்தியப் பிசின்களின்பால் கவனம் திரும்பியது. அவற்றுள் குறிப்பிடத்தக்கது வெக்காலி மரத்துப் பிசின். பழனிமலையின் வறண்ட கீழ்ச்சரிவுகளிலும் வளரும் மரம் இது. பிசின் மலைக்கணவாய்கள் வழியே துறைமுகங்களுக்குச் சென்றதால், கணவாயைக் குறிக்கும் வடமொழிவழிச் சொல்லான 'காட்' என்பதிலிருந்து 'காட்டி' என்ற வணிகப் பெயர் பிறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் அதே சொல்தான்.

1900இல் வெளியான பிரிட்டிஷ் மருந்து நூலின் இந்திய, காலனியப் பிற்சேர்க்கை இதனை 'இந்தியப் பிசின்' என ஏற்றுக்கொண்டது. அரபுப் பிசினைவிடக் குழகுழப்பு மிகுந்ததாதலால், குறைந்த அளவே போதுமானதாயிற்று.

இன்று செல்லுலோஸ் வகைகளும், நுண்ணுயிர் நொதித்துத் தரும் சாந்தன் பிசினும் பெரும்பாலான புட்டிகளில் அவ்விடத்தைப் பெற்றுவிட்டன. வணிகம் இட்ட பெயரில் பாதை நிலைத்தது. மருந்து நூல் இட்ட பெயரில் நாடு நிலைத்தது. மரத்தைக் கீறிப் பிசின் திரட்டிய மலைமக்களுக்கோ இரண்டிலும் இடமில்லை.