புதைக்க முடியாத படச்சுருள்

மன்னர் எழுதினால் கல்வெட்டு, மந்திரி எழுதினால் ஆணை, மக்கள் எழுதினால்? அதனைக் காத்து வைக்கக் கற்சுவரும் இல்லை, கருவூலமும் இல்லை. வென்றவன் கொட்டிய முரசொலி ஏட்டிலே இருக்கிறது. அவன் தேரை இழுத்தவன் விட்ட பெருமூச்சு எந்த ஏட்டிலும் இல்லை. உலக வரலாற்றின் பெரும்பகுதி இவ்விதமே எழுதப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டு, இல்லாதான் கையிலும் ஒரு புதிய எழுதுகோலைத் தந்தது. காமிரா அதன் பெயர். அரசின் கட்டளைக்கு ஆடாமல், பட முதலாளியின் பணப்பைக்குப் பணியாமல், கண்டதைக் கண்டவாறு பதிய வைக்கப் புறப்பட்டவர்கள் எடுத்தவையே சுதந்திர ஆவணப்படங்கள். இன்று அவற்றுள் பல, இணையத்தின் வழியே நம் உள்ளங்கைக் கருவியிலே காணக் கிடைக்கின்றன. எளிதிலே கிடைப்பதனாலேயே அவற்றின் அருமை மறக்கப்படுமோ என்று நாம் அஞ்சுகிறோம். ஒரே ஒரு படம் நம் கைக்கு வந்து சேர என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அறிந்தால், அந்த மறதி அகலும். சிலி நாட்டுப் பத்ரீசியோ குஸ்மான் எடுத்த 'சிலியின் போர்' அத்தகைய படம்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம், ஒரு நாடாவை நீட்டி வைத்ததுபோல் நீண்டு கிடக்கும் நாடு சிலி. மண்ணுக்குள்ளே செம்பு, மண்ணுக்கு மேலே வறுமை. செம்பின் பெரும்பயனை அமெரிக்கக் கம்பெனிகள் துய்த்தன. சுரங்கத்திலே வெந்தவன் சிலி நாட்டுத் தொழிலாளி. 1970-ஆம் ஆண்டு, சால்வடோர் அலெண்டே என்னும் மருத்துவர் மக்கள் வாக்கால் குடியரசுத் தலைவரானார். துப்பாக்கியின்றி, குருதியின்றி, வாக்குச் சீட்டின் வழியே சமதர்மம் காண்போம் என்றார். 1971-இல் பெருஞ் செம்புச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. நாடாளுமன்றத்தில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. குழந்தை ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் அரை லிட்டர் பால் என்பது அவர் அரசின் திட்டங்களுள் ஒன்று.

பால் பெற்ற குழந்தை சிரித்தது. பணப்பெட்டியைப் பூட்டி வைத்திருந்தவன் சீறினான். 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தனர். நீண்ட நாட்டிலே லாரி நின்றால் நாடித்துடிப்பே நின்றது போலாகும் அன்றோ? பண்டங்கள் மறைந்தன, வரிசைகள் நீண்டன. அமெரிக்க உளவுத்துறையின் பணமும் மறைமுகமாகப் பாய்ந்தது. இதை நாம் கற்பனையாகக் கூறவில்லை. அமெரிக்க மேலவைக் குழுவே 1975-இல் வெளியிட்ட அறிக்கை, 1970 தேர்தலுக்கும் 1973 ஆட்சிக் கவிழ்ப்புக்கும் இடையே 80 லட்சம் டாலர் மறைமுகமாகச் செலவிடப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது. 'எல் மெர்க்கூரியோ' என்னும் ஒரு செய்தித்தாளுக்கு மட்டும் 15 லட்சம் டாலர்!

இந்தக் கொந்தளிப்பின் நடுவேதான் குஸ்மான் காமிராவுடன் இறங்கினார். அவருடைய படை எவ்வளவு பெரிது? ஐந்து பேர்! அவர்களின் படைக்கலம்? ஒரு காமிரா, ஒரு ஒலிப்பதிவுக் கருவி. படச்சுருளோ நாட்டிலே கிடைக்கவில்லை. பிரான்சு நாட்டுப் படைப்பாளர் கிரிஸ் மார்க்கர், தாமே சுருள்களைத் திரட்டி அனுப்பி வைத்தார். இரவல் சுருள்! ஒவ்வோர் அடியும் பொன்னுக்கு நிகர். ஆகவே, எதைப் படமெடுப்பது என்பதைத் திட்டமிட்டே எடுத்தனர். ஊர்வலத்தை மட்டும் எடுத்துவிட்டு வீடு திரும்பவில்லை. தொழிற்சாலைக் கூட்டத்திற்குச் சென்றனர், நாடாளுமன்றத்திற்குச் சென்றனர், 1973 மார்ச்சுத் தேர்தலின்போது அலெண்டேயை ஆதரிப்போரிடமும் வெறுப்போரிடமும் ஒலிவாங்கியை நீட்டினர். அந்தத் தேர்தலிலே, விலையேற்றத்தையும் தட்டுப்பாட்டையும் மீறி, ஆளும் அணி ஏறத்தாழ 44 விழுக்காடு வாக்குகள் பெற்றது. வாக்கால் வீழ்த்த முடியாது என்று கண்டவர்கள், வேறு வழியை நாடினர்.

1973 சூன் 29. படையின் ஒரு பிரிவு டாங்கிகளுடன் தலைநகர் சாந்தியாகோவின் தெருவில் இறங்கியது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர் லியனார்டோ ஹென்ரிக்சன் அதைப் படமெடுத்துக் கொண்டிருந்தார். படைவீரன் ஒருவன் துப்பாக்கியை அவர் பக்கம் திருப்பினான். அவர் காமிராவைத் திருப்பவில்லை. குண்டு பாய்ந்தது, காட்சி தடுமாறிச் சாய்ந்தது. தன்னைக் கொல்ல வந்தவனையே அந்தக் காமிரா சான்றாகப் பதிந்து வைத்தது. 'சிலியின் போர்' முதற்பகுதி அந்தக் காட்சியோடு முடிகிறது.

அன்றைய கலகம் அடங்கியது. ஆனால், அலெண்டே தாமே தலைமைத் தளபதியாக அமர்த்திய பினோசே, பதவியேற்று மூன்று வாரமும் நிறைவுறாத செப்டம்பர் 11-ஆம் நாள், முப்படையோடு சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்தார். குடியரசுத் தலைவரின் மாளிகைமீது அந்நாட்டு விமானங்களே குண்டு வீசின. அலெண்டே சரணடையவில்லை, மாளிகையிலேயே தம் உயிரை முடித்துக் கொண்டார். குஸ்மான் கைது செய்யப்பட்டு, சிறைக்கூடமாக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கிலே இரண்டு வாரம் அடைபட்டுக் கிடந்தார்.

சுருள்கள்? அவை குஸ்மானின் மாமா வீட்டிலே பதுங்கிக் கிடந்தன. பின்னர், சுவீடன் தூதரகத்தின் துணையோடு கடல் கடந்தன. எடுத்தவர் பிழைத்தார், எடுத்த சுருளும் பிழைத்தது. ஆனால், காமிராவைத் தோளிலே சுமந்த இளைஞர் ஹோர்ஹே முல்லர் சில்வா பிழைக்கவில்லை. 1974 நவம்பர் 29 அன்று, அவரும் அவருடைய காதலி, நடிகை கார்மென் புவேனோவும் இரகசியப் போலீசாரால் பிடித்துச் செல்லப்பட்டனர். இருவரும் திரும்பவே இல்லை. அந்த நவம்பர் 29-ஐத்தான் சிலி மக்கள் இன்று தம் நாட்டுத் திரைப்பட நாளாகக் கொண்டாடுகின்றனர்.

கியூபா நாடு படத்தொகுப்புக்கு இடம் தந்தது. 1975, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளும் வெளிவந்தன. உலகம் பார்த்தது. யாருடைய கதையோ அந்த மக்கள் மட்டும் பார்க்க முடியவில்லை! 1990-இல் சர்வாதிகாரம் விலகிய பின்னரும் அச்சம் விலகவில்லை. குஸ்மான் திரும்பி வந்து, மாணவர்களிடையே படத்தைக் காட்டினார். அதனை 1997-இல் 'பிடிவாதமான நினைவு' என்னும் படமாக்கினார். மாணவருள் சிலர் ஆட்சிக் கவிழ்ப்பு சரியே என்று வாதிட்டனர். சிலரோ, படம் முடிந்ததும் விம்மி அழுதனர். பெற்ற நாட்டின் கதையைப் பிள்ளைகளிடமிருந்தே மறைத்து வைத்திருந்தது ஆட்சி! சிலியின் கட்டணமில்லாத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றில் இப்படம் ஒளிபரப்பாக 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பகுத்தறிவுத் தோழர் ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும்: "குஸ்மான் அலெண்டேயின் ஆதரவாளர், அவர் படத்தை எப்படி நம்புவது?" கேட்க வேண்டிய கேள்வி! படம் காட்டுகிறது என்பதற்காக எதையும் நம்ப வேண்டியதில்லை. காமிரா எங்கே நின்றது, எதை விட்டது, யார் குரல் பின்னணியில் ஒலிக்கிறது என்று வினவுக. பிற சான்றுகளோடு ஒப்பிடுக. ஒப்பிட்டால் என்ன காண்கிறோம்? பணம் பாய்ந்ததை அமெரிக்க மேலவையின் அறிக்கை உறுதி செய்கிறது. கொலைகளை, சிலி அரசே அமைத்த ஆணையத்தின் 1991 அறிக்கை உறுதி செய்கிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர் என்பது இன்று அரசே ஏற்ற உண்மை. மேலும், தம் அணியினர் தமக்குள் பிளவுபட்டு வாதிட்டதையும் குஸ்மான் மறைக்கவில்லை. சார்பு உண்டு, ஆனால் சோதனைக்கு அஞ்சாத சார்பு அது.

"வாய்மையே வெல்லும்" என்று சுவரிலே எழுதிவிட்டு உறங்கப் போவோர் உண்டு. வாய்மைக்குக் காலில்லை, தோழர்களே! அது தானாக நடந்து வருவதில்லை. சுருள் கொடுத்த பிரெஞ்சுக்காரர், ஒளித்து வைத்த உறவினர், கப்பலேற்றிய சுவீடன் நாட்டார், இடம் கொடுத்த கியூபா நாட்டார், உயிரையே கொடுத்த முல்லர், இத்தனை பேர் தோளிலே ஏறித்தான் அந்த வாய்மை நம்மிடம் வந்து சேர்ந்தது.

எஞ்சியிருக்கும் தோள் நம்முடையது. இன்று நமக்குத் தடை போடுபவன் படைத்தலைவன் அல்லன், கவனச் சிதறல். இணைய அரங்குகளின் அலமாரி நம்முடையதன்று. ஒப்பந்தம் முடிந்தால் ஒரு படம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்து போகும். நேற்றுப் பார்த்ததைப் போன்றதையே இன்றும் நம்முன் தள்ளுவது அந்த இயந்திரத்தின் இயல்பு. சிலியின் செம்புத் தொழிலாளியை அது தானே முன்வந்து நம் கண்முன் நிறுத்தாது. நாம்தான் தேட வேண்டும்.

தேடுவோம், தனியே பார்த்துத் தலையசைப்பதோடு நிற்காமல், படிப்பகத்திலே, மாணவர் மன்றத்திலே, பத்துப் பேர் கூடிப் பார்ப்போம், பார்த்தபின் வாதிடுவோம். முல்லர் எந்தக் காட்சியையும் தமக்காக எடுக்கவில்லை. பிறர் காண வேண்டும் என்று எடுத்தார். கண்கள் நம்மிடம் இருக்கின்றன. காண மறுத்தால், கொடுங்கோலன் செய்ய முடியாமற் போனதை நாமே செய்து முடித்தவர்கள் ஆவோம்.