2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டி நாளின் வானிலை

அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் 2023 மே 28 அன்று நடக்கவேண்டிய குஜராத்–சென்னை இறுதியாட்டம், டாஸ்கூடப் போடமுடியாமல் மழையால் மாற்று நாளுக்குத் தள்ளிப்போனது. ஐ.பி.எல். இறுதிக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. மஞ்சள் சட்டை அணிந்த சென்னை ரசிகர்கள் பலர் ரயில் நிலையத்திலேயே இரவைக் கழித்தனர்.

அது பருவமழை அன்று, கோடை இடிமழை. தென்மேற்குப் பருவக்காற்று வழக்கம்போல் அந்தமான் கடலைத்தான் முதலில் தொடும். ஸ்ரீ விஜய புரத்தின் (முன்பு போர்ட் பிளேர்) மரைன் ஹில்லில் மே இறுதி மழை இயல்பானது. அவ்வாண்டு மே 19-இல் நிக்கோபாரை எட்டிய காற்று, கேரளம் சேர ஜூன் 8 ஆனது. அகமதாபாத்துக்கு அது வரும் காலம் ஜூன் பிற்பகுதி.

மே 29 அன்று குஜராத் 214/4. தமிழகத்தின் சாய் சுதர்சன் 47 பந்துகளில் 96. சென்னை 3 பந்துகள் ஆடியதும் மீண்டும் மழை. மழை விரைவிலேயே விட்டது; ஆனால் ஓரத்துப் பயிற்சி ஆடுகளம் சேறாகிவிட்டது. ஊழியர்கள் குனிந்து பஞ்சால் நீரை ஒற்றியெடுத்தனர். ஆட்டம் தொடங்க நள்ளிரவு 12.10 ஆனது. டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன் முறைப்படி இலக்கு 15 ஓவரில் 171. கடைசி இரு பந்துகளில் 10 ரன் வேண்டியிருக்க, சென்னையின் ஜடேஜா சிக்சரும் பவுண்டரியும் அடித்தார். சென்னைக்கு அது ஐந்தாவது கோப்பை.